12.5 மில்லியன் கணக்கு: எட்மன்டன் ஆயிலர்ஸின் புது சீசனைப் படிப்பது எப்படி?

அக்டோபர் 6, திங்கட்கிழமை. ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் ரொம்ப நாளா காத்திருந்த கையெழுத்து விழுந்தது. எட்மன்டன் ஆயிலர்ஸ் கேப்டன் கானர் மெக்டேவிட் இன்னும் 2 வருஷம் அதே அணியில் ஆடச் சம்மதித்துவிட்டார். சம்பளம் வருஷத்துக்கு 12.5 மில்லியன் டாலர். இப்ப வாங்குறதும் அதே 12.5 தான். ஒரு டாலர் கூட ஏறல.

இதுல என்ன விசேஷம்? ஆறு நாள் முன்னாடி, செப்டம்பர் 30 அன்று, மின்னசோட்டா வைல்ட் அணியின் கிரில் கப்ரிஸோவ் 8 வருஷத்துக்கு 136 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். வருஷத்துக்கு 17 மில்லியன். அருமையான வீரர்தான். ஆனா மெக்டேவிட்டை விடப் பெரிய ஆள்னு அவரோட ரசிகர்களே சொல்ல மாட்டாங்க. லீக் விதிப்படி மெக்டேவிட் 19 மில்லியன் வரை கேட்டிருக்கலாம். ஏன் கேக்கல?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் பிடிபட்டால் ஆயிலர்ஸின் 2025-26 சீசன் முக்கால்வாசி புரிஞ்சிடும். சீசன் ப்ரிவ்யூன்னாலே "இவர் செம ஃபார்ம்ல இருக்கார், அவர் கம்பேக் குடுப்பார்" ரகம்தான் நிறைய வருது. நாம வேற வழியில் போவோம். ரெண்டாவது வருஷம் படிச்ச ப்ராபபிலிட்டி பேப்பர் ஞாபகம் இருந்தால் போதும். அது மறந்திருந்தாலும் பரவாயில்ல, வழியிலேயே சொல்லிடறேன்.

முதல்ல ஆட்டம், ரெண்டே பத்தியில்

ஐஸ் தரை, 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு பக்கத்துக்கு 5 ஆட்டக்காரர்கள், ஒரு கோல்கீப்பர். பந்துக்குப் பதிலா 'பக்'. 3 இன்ச் விட்டமுள்ள கெட்டியான ரப்பர் வட்டு. ஐஸ் மேல துள்ளாம வழுக்கணும்னு ஆட்டத்துக்கு முன்னாடி அதை ஃப்ரீஸரில் வெச்சு எடுப்பாங்க. 20 நிமிஷம் வீதம் 3 பகுதி. ஒருத்தர் ஒரு தடவை இறங்கினா முக்கால் நிமிஷம் போல முழு வேகத்தில் சறுக்கிட்டு, மூச்சு வாங்க வெளியே வந்துடுவார், அடுத்தவர் உள்ளே குதிப்பார். அதனால ஒரு ஸ்டாரை மட்டும் வெச்சு மேட்ச் ஜெயிக்க முடியாது. மெக்டேவிட்டே ஒரு மேட்சில் மூணில் ஒரு பங்கு நேரத்துக்குச் சற்று மேலதான் ஐஸில் இருப்பார். மீதி நேரம் மத்தவங்க தாக்குப்பிடிக்கணும்.

என்.எச்.எல். லீக்கில் 32 அணிகள். ஒவ்வொண்ணுக்கும் 82 மேட்ச். ஜெயிச்சா 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோத்தா 1 புள்ளி, வழக்கமான நேரத்துக்குள்ளேயே தோத்தா பூஜ்யம். 16 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். அங்கே ஏழு மேட்ச் கொண்ட தொடர், முதல்ல 4 ஜெயிக்கிறவங்க அடுத்த சுற்றுக்கு. இப்படி 4 சுற்று, மொத்தம் 16 வெற்றி. முடிவில் ஸ்டான்லி கோப்பை.

ஆயிலர்ஸ் இப்ப எங்க நிக்குது?

எட்மன்டன், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகர். எண்ணெய் வளத்துக்குப் பேர் போன மாகாணம், அதான் அணிக்கு அந்தப் பேர். 1984, 1985, 1987, 1988, 1990 என்று ஏழு வருஷத்தில் 5 கோப்பை வாங்கின அணி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. எட்மன்டனை விடுங்க, கனடா அணி எதுவுமே 1993-ல் மான்ட்ரியல் ஜெயிச்சதுக்கு அப்புறம் கோப்பையைத் தொடல. ஹாக்கியை உயிரா நினைக்கிற நாட்டுக்கு இது 32 வருஷக் காயம்.

போன ரெண்டு வருஷமும் ஆயிலர்ஸ் ஃபைனல் வரைக்கும் போச்சு. ரெண்டு தடவையும் எதிரில் அதே அணி, ஃப்ளோரிடா பேந்தர்ஸ். 2024-ல் 0-3 என்று பின்தங்கி, அடுத்தடுத்து 3 மேட்ச் ஜெயிச்சு, ஏழாவது மேட்சில் 2-1 என்று தோத்தாங்க. தோத்த அணியில் இருந்தும் பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது மெக்டேவிட்டுக்குத்தான் வந்தது. 2025-ல் ஆறே மேட்சில் கதை முடிஞ்சது, கடைசி மேட்ச் 5-1.

ஊருக்கு இன்னொரு பழைய வலியும் உண்டு. 1988 ஆகஸ்ட் 9 அன்று, ஆட்டத்தின் மிகப் பெரிய பேரான வெய்ன் கிரெட்ஸ்கியை அணி உரிமையாளர் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துட்டார். பதிலுக்கு வந்ததில் 15 மில்லியன் டாலர் ரொக்கமும் அடக்கம். அதனால "மெக்டேவிட்டும் போயிடுவாரோ" என்கிற பயம் எட்மன்டனில் வெறும் வதந்தி இல்ல, ஒரு தடவை அனுபவிச்சது. இப்ப வந்த கையெழுத்து அந்தப் பயத்தை முழுசா துடைக்கல. 2028 கோடை வரைக்கும் தள்ளி வெச்சிருக்கு. இந்த சீசனையும் சேர்த்து கையில் இருக்கிறது மூணே சீசன்.

சாலரி கேப்: இதுதான் நம்ம கன்ஸ்ட்ரெயின்ட்

2004-05 சீசன் முழுசா நடக்கல. முதலாளிகள் கதவடைப்பு செஞ்சு ஒரு மேட்ச் கூட ஆடாம சீசனே ரத்தாச்சு. அந்தச் சண்டையின் முடிவில் பிறந்ததுதான் சாலரி கேப். ஒரு அணி தன் வீரர்களுக்கு மொத்தமா இவ்வளவுதான் செலவு பண்ணலாம் என்கிற உச்சவரம்பு. 2005-06-ல் அது 39 மில்லியன். இந்த சீசனில் 95.5 மில்லியன்.

ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ் இருக்கில்லையா, அதே யோசனைதான். ஆனா ஒரு முக்கிய வித்தியாசம். இங்கே ஏலம் கிடையாது. வீரரும் அணியும் உட்கார்ந்து பேசி 8 வருஷம் வரைக்கும் ஒப்பந்தம் போடலாம். அப்படிப் போட்டால் அந்த நம்பர் 8 வருஷமும் கேப்பில் உட்கார்ந்திருக்கும். நல்ல ஒப்பந்தம்னா வரம், தப்பான ஒப்பந்தம்னா அரியர் மாதிரி, ஒவ்வொரு செமஸ்டரும் கூடவே வரும்.

தனி ஒருத்தருக்கு கேப்பில் 20 சதவீதத்துக்கு மேல குடுக்கக் கூடாது. 95.5-ல் 20 சதவீதம் 19.1. மேலே சொன்ன 19 மில்லியன் அங்கிருந்து வந்ததுதான்.

இப்ப மெக்டேவிட்டின் 12.5-ஐ வருஷ வாரியா கேப்பில் எத்தனை சதவீதம்னு போட்டுப் பாருங்க:

2018-19: கேப் 79.5 மில்லியன், அவர் பங்கு 15.7 சதவீதம்
2025-26: கேப் 95.5 மில்லியன், 13.1 சதவீதம்
2026-27: கேப் 104 மில்லியன், 12 சதவீதம்
2027-28: கேப் 113.5 மில்லியன், 11 சதவீதம்

(கடைசி ரெண்டும் லீக் ஏற்கனவே அறிவிச்ச நம்பர்கள்.) சம்பளம் அதேதான், ஆனா கேப் ஏற ஏற அவரோட பங்கு குறைஞ்சிட்டே வருது. 17 மில்லியன் கேட்டிருந்தால் அணியின் கையில் வருஷத்துக்கு 4.5 மில்லியன் குறைஞ்சிருக்கும். 4.5 மில்லியன்னா ஒரு நல்ல ரெண்டாம் வரிசை ஆட்டக்காரரின் விலை. மெக்டேவிட் விட்டுக்கொடுத்த பணம் முதலாளியின் பாக்கெட்டுக்குப் போகாது, பக்கத்தில் ஆடப் போறவருக்குப் போகும். பதிலுக்கு அவர் அணிக்குக் குடுத்தது குறுகிய டெட்லைன். எட்டு வருஷம் இல்ல, ரெண்டே வருஷம். "காசு நான் விட்டுத் தர்றேன், கோப்பைக்கு நீங்க வழி பண்ணுங்க" என்று எழுதாம எழுதின மாதிரி எனக்குப் படுது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும். புது ஒப்பந்தம் 2026-27-ல்தான் ஆரம்பம். அதனால அவர் விட்டுக்கொடுத்ததின் பலன் இந்த சீசனுக்குக் கிடையாது. இந்த வருஷம் இருக்கிறதை வெச்சுத்தான் ஆடணும்.

காசு எங்கே போச்சு?

இந்த சீசனில் ஆயிலர்ஸின் 4 பெரிய சம்பளங்கள்: லியான் டிரைசைட்டில் 14 மில்லியன், மெக்டேவிட் 12.5, டிஃபென்ஸ்மேன் எவன் பூஷார்ட் 10.5, இன்னொரு டிஃபென்ஸ்மேன் டார்னெல் நர்ஸ் 9.25. கூட்டினா 46.25. கேப்பில் 48 சதவீதம். நாலே பேர்!

ஒரு அணி 23 பேர் வரைக்கும் வெச்சுக்கலாம். மீதி 19 பேருக்கு 49.25 மில்லியன். சராசரி 2.6. லீக்கில் குறைந்தபட்ச சம்பளம் 0.775 மில்லியன்.

டிரைசைட்டிலுக்கு 14 குடுத்தது தப்பில்ல. போன சீசனில் 71 மேட்சில் 52 கோல், லீக்கிலேயே அதிகம். 2025 பிளேஆஃபில் மட்டும் கூடுதல் நேரத்தில் 4 கோல், ஒரே பிளேஆஃபில் வேற யாரும் செய்யாதது. இவங்க எவ்வளவு நல்லா ஆடுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால ப்ரிவ்யூ எழுதும்போது அவங்களைப் பத்தி அதிகம் எழுதுறதில் பிரயோஜனம் கம்மி. கேப் உள்ள லீக்கில் நாம கேக்க வேண்டிய கேள்வி வேற: அணி எங்கே காசு மிச்சம் பிடிச்சிருக்கு? அந்த இடம்தான் சீசனைத் தீர்மானிக்கும். சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதானே அறும்.

காசு இறுகினால் என்ன ஆகும்னு ஆயிலர்ஸுக்கு நேரடி அனுபவமும் உண்டு. 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி, ஆயிலர்ஸின் ரெண்டு இளம் வீரர்களுக்கு, டிலன் ஹாலோவே, பிலிப் ப்ரோபெர்க், ஒரே நேரத்தில் ஆஃபர் போட்டது. விதிப்படி அதே சம்பளத்தைக் குடுத்தால் ஆயிலர்ஸ் அவங்களை வெச்சுக்கலாம். அணி குடுக்கல, ரெண்டு பேரையும் விட்டுடுச்சு. ஹாலோவே அடுத்த சீசனில் 26 கோல், 37 அசிஸ்ட், மொத்தம் 63 பாயின்ட் எடுத்தார். ஆஃபரில் அவர் சம்பளம் 2.3 மில்லியன் கூட இல்ல.

இந்தக் கோடையிலும் ஆட்கள் போனாங்க. 40 வயதிலும் பிளேஆஃபில் 10 கோல் போட்ட கோரி பெர்ரி லாஸ் ஏஞ்சலஸுக்கு. கானர் பிரவுன் நியூ ஜெர்சிக்கு. எவாண்டர் கேன் வான்கூவருக்கு. பதிலுக்கு வந்தது ஆண்ட்ரூ மாஞ்சியாபானே, 3.6 மில்லியன். முக்கியமா ரெண்டு இளசுகள்: மேட் சவாய், ஐசக் ஹோவர்ட். ஹோவர்ட் போன சீசனில் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரர் விருது வாங்கினவர். நம்ம வயசுக்காரங்க ரெண்டு பேரும், முதல் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்காங்க. கேம்பஸ் ப்ளேஸ்மென்ட் ஃப்ரெஷர் மாதிரி. ஃப்ரெஷர் சம்பளத்தில் சீனியர் வேலை செஞ்சாங்கன்னா அணிக்கு ஜாக்பாட். அனுபவம் போயிடுச்சு, வேகம் வந்திருக்கு. மே மாசத்தில் இதில் எது பெரிசுன்னு தெரியும்.

கோல்கீப்பர்: சிக்னலா, நாய்ஸா?

மிச்சம் பிடிச்ச இடங்களில் முக்கியமானது இதுதான். ஸ்டூவர்ட் ஸ்கின்னர், 2.6 மில்லியன், ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். எட்மன்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். கால்வின் பிக்கார்ட், 1 மில்லியன். ரெண்டு பேருக்கும் சேர்த்து 3.6. ஃபைனலில் எதிரே நின்ன செர்கெய் பாப்ரோவ்ஸ்கிக்கு மட்டும் 10 மில்லியன்.

கோல்கீப்பரை அளக்கிற பொதுவான அளவு சேவ் சதவீதம், அதாவது வந்த ஷாட்களில் தடுத்தவற்றின் பங்கு. ஸ்கின்னரின் கடைசி மூணு சீசன்: 0.914, 0.905, 0.896. கிராஃப் போட்டால் நேர்கோடு, வருஷத்துக்கு 0.009 இறக்கம். அப்ப அடுத்தது 0.887-ஆ?

இங்கதான் நம்ம ப்ராபபிலிட்டி உதவும். ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு காயின் டாஸ் மாதிரி வெச்சுக்குவோம், தடுக்கிற வாய்ப்பு 0.9. ஒரு மேட்சுக்கு 28 ஷாட், 50 மேட்ச், மொத்தம் 1400 ஷாட். பைனாமியல் ஃபார்முலா: 0.9-ஐ 0.1-ஆல் பெருக்கி, 1400-ஆல் வகுத்து, ஸ்கொயர் ரூட். விடை 0.008. இதுதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன். திறமை துளி கூட மாறாத ஒரு கோல்கீப்பரின் நம்பரே ஒரு சீசனிலிருந்து அடுத்ததுக்கு 0.008 ஏறி இறங்குறது சகஜம். நேர்கோடுன்னு நாம பாத்ததில் பாதி வெறும் அதிர்ஷ்டமா இருக்கலாம். போதாததுக்கு, இந்த மூணு வருஷத்தில் லீக் சராசரியும் கொஞ்சம் இறங்கியிருக்கு. மூணு டேட்டா பாயின்ட்டை வெச்சு கோடு போட்டா லேப் ரெக்கார்டிலேயே கையெழுத்து கிடைக்காது, இங்கே மட்டும் எப்படிக் கிடைக்கும்?

அப்ப என்ன செய்யணும்? மூணு சீசனையும் சேர்த்துப் பாக்கணும். 150 மேட்சுக்கு மேல, 4000-க்கு மேல ஷாட். சராசரி 0.905 பக்கம், பிழை 0.005-க்குக் கிட்ட. வர்ற சீசனுக்கு என் கணிப்பு 0.900 முதல் 0.905. அவர் மோசமான கோல்கீப்பர் இல்ல. பாப்ரோவ்ஸ்கியும் இல்ல.

சரி, 0.01 வித்தியாசம் வந்தால் என்ன நஷ்டம்? 1400 ஷாட்டில் 14 கோல். சுமார் 6 கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது ஹாக்கி கணக்காளர்களின் பழைய தோராயம். அப்ப ரெண்டு வெற்றிக்குச் சற்று மேல, 4 அல்லது 5 புள்ளி. 82 மேட்ச் சீசனில் இது சமாளிக்கக்கூடியதுதான்.

பிளேஆஃப் வேற கதை. ஏழு மேட்ச் தொடரில் சுமார் 200 ஷாட். அதே ஃபார்முலாவில் டீவியேஷன் 0.021. அதாவது 0.900 கோல்கீப்பர் ஒரு தொடரில் 0.921-ம் எடுப்பார், 0.879-ம் எடுப்பார். முதலாவதுன்னா ஊரே தலையில் தூக்கி வெச்சு ஆடும், ரெண்டாவதுன்னா பெஞ்சில் உட்கார வெச்சிடுவாங்க. 2025 ஃபைனலில் ஸ்கின்னரை மூணாவது மேட்ச்லயும் நாலாவது மேட்ச்லயும் பாதியில் வெளியே எடுத்தாங்க. நாலாவது மேட்சில் 0-3 என்று இருந்தபோது பிக்கார்ட் இறங்கி, கடைசியில் 5-4 என்று ஜெயிச்சாங்க. ஐந்தாவது மேட்சில் பிக்கார்டே ஆரம்பிச்சார், 5-2 என்று தோல்வி. கோடையில் கோல்கீப்பர்களை மாத்தல, கோல்கீப்பர் கோச்சைத்தான் மாத்தினாங்க.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஷாட்டும் ஒண்ணு இல்ல. தூரத்திலிருந்து வர்றதும், ரெண்டு அடி முன்னாடி நின்னு தள்ளுறதும் சேவ் சதவீதத்தில் ஒரே எடைதான். நிஜ அனலிஸ்ட்கள் தூரம், கோணம் எல்லாம் சேர்த்து 'எதிர்பார்த்த கோல்' என்று மாடல் போடுவாங்க. நம்ம கணக்கு முதல் தோராயம், அவ்வளவுதான்.

54-ம் 27-ம்

ஸாக் ஹைமன், மெக்டேவிட் பக்கத்தில் ஆடுறவர். 2023-24-ல் 54 கோல் போட்டார். அதுக்கு முன்னாடி அவரோட அதிகபட்சம் 36. அடுத்த சீசன் எத்தனை? 27. சரியா பாதி.

"ஃபார்ம் போச்சு" என்று சொன்னாங்க. புள்ளியியலில் இதுக்குப் பேர் சராசரிக்குத் திரும்புதல். ஒருத்தர் வழக்கத்தை விட மிக உயரமா ஒரு வருஷம் போனால், அதில் திறமை கொஞ்சம், கூடி வந்த நேரம் கொஞ்சம். அடுத்த வருஷம் திறமை தங்கும், நேரம் தங்காது. ஹைமன் 54-ம் இல்ல, 27-ம் இல்ல, நடுவில் எங்கேயோ இருக்கிறவர். ஆனா 2025 பிளேஆஃபில் மணிக்கட்டு விலகி ஆபரேஷன் ஆனதால், இந்த சீசனின் முதல் சில வாரம் அவர் ஆட மாட்டார்.

82 மேட்ச், அப்புறம் 16 வெற்றி

போன சீசன் ஆயிலர்ஸ்: 48 வெற்றி, 29 தோல்வி, 5 கூடுதல் நேரத் தோல்வி, 101 புள்ளி. அதே பலம்னு வெச்சுக்கிட்டாலும் 82 காயின் டாஸில் வெற்றி எண்ணிக்கையின் டீவியேஷன் சுமார் 4.5. புள்ளியில் 9. அதனால "101 எடுப்பாங்க" என்று சொல்றதை விட "92-க்கும் 110-க்கும் நடுவில்" என்பதுதான் நேர்மையான பதில். அதுக்கே மூணில் ரெண்டு வாய்ப்புதான்.

92 எவ்வளவு ஆபத்து தெரியுமா? போன சீசனில் பக்கத்து ஊர் எதிரியான கால்கரி ஃப்ளேம்ஸ் 96 புள்ளி எடுத்தும் பிளேஆஃபுக்குப் போகல. அதே 96 எடுத்த செயின்ட் லூயிஸ் டை-பிரேக்கரில் உள்ளே போச்சு. முதல் மேட்சே அந்தக் கால்கரியோடதான், அக்டோபர் 8, எட்மன்டனில். நமக்கு 9-ஆம் தேதி காலை.

பிளேஆஃபுக்குப் போனா? ஒவ்வொரு மேட்சிலும் ஜெயிக்கிற வாய்ப்பு 55 சதவீதம்னு வெச்சுக்குவோம், அதுவே நல்ல அணி. ஏழு மேட்ச் தொடரை ஜெயிக்கிற வாய்ப்பு 61 சதவீதம். நாலு தொடரும் ஜெயிக்க? 0.61-ஐ நாலு தடவை பெருக்குங்க. 14 சதவீதம். ஏழில் ஒண்ணு. மேட்சுக்கு 60 சதவீதம்னு ஏத்தினால் கூட 25 சதவீதம்தான். அப்பவும் நாலில் மூணு தடவை வெறும் கையோடதான் வீட்டுக்குப் போகணும்.

அதே 55 சதவீத அணி ரெண்டு வருஷம் தொடர்ந்து ஃபைனலுக்கு வர்ற வாய்ப்பு 5 சதவீதம். ஆயிலர்ஸ் அதைச் செஞ்சிருக்கு. அதனால "ரெண்டு தடவை வந்தும் தோத்துட்டாங்களே, வேஸ்ட் டீம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. ஒரே கோப்பைக்காக நிறைய வருஷம் நல்ல அணியா இருக்கணும். மெக்டேவிட் குடுத்திருக்கிறது மூணு சீசன். மூணு தடவை 14 சதவீதம்னா, ஒரு தடவையாவது ஜெயிக்கிற வாய்ப்பு 36 சதவீதம். 25 சதவீதம்னா 58. இந்த 36-க்கும் 58-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்காகத்தான் அவர் அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்தார் என்பது என் வாசிப்பு.

காலண்டரும் களைப்பும்

ரெண்டு வருஷத்தில் ஆயிலர்ஸ் ஆடின பிளேஆஃப் மேட்ச் மட்டும் 47. முழு சீசனில் பாதிக்கு மேல கூடுதல் வேலை. போதாததுக்கு 2026 பிப்ரவரியில் இத்தாலியின் மிலானோ-கோர்ட்டினாவில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். 2014-க்கு அப்புறம் முதல் தடவையா என்.எச்.எல். வீரர்கள் போறாங்க. மெக்டேவிட் கனடாவுக்கு, டிரைசைட்டில் ஜெர்மனிக்கு. அந்த இடைவெளிக்காக மீதி மேட்ச்களை நெருக்கமா போட்டிருக்காங்க.

இந்த அணி மெதுவா ஆரம்பிக்கிறதும் வழக்கம். 2023-24-ல் முதல் 12 மேட்சில் 2 வெற்றி. கோச்சை நீக்கிட்டு கிறிஸ் நாப்லாக்கைக் கொண்டு வந்தாங்க. அப்புறம் அதே அணி தொடர்ந்து 16 மேட்ச் ஜெயிச்சு, ஃபைனலுக்கே போச்சு. போன சீசனிலும் முதல் 3 மேட்ச் தோல்விதான். அதனால நவம்பரில் யாராவது "சீசன் காலி" என்று சொன்னால் உடனே நம்பாதீங்க.

சீசன் முழுக்க கவனிக்க 4 விஷயம்

1. டிசம்பர் முடிவில் ஸ்கின்னர், பிக்கார்ட் சேவ் சதவீதம். ஒரு மாச நம்பரைப் பாக்காதீங்க, சேர்த்துப் பாருங்க. ரெண்டு பேரும் 0.890-க்குக் கீழேயே இருந்தால் அணி வெளியே கோல்கீப்பர் தேட ஆரம்பிக்கும்.

2. சவாய், ஹோவர்ட் ரெண்டு பேருக்கும் எவ்வளவு ஐஸ் நேரம் கிடைக்குது. கோல் எண்ணிக்கை பிறகு வரும். கோச் நம்புறாரா இல்லையான்னு நிமிஷக் கணக்கு முதல்லயே சொல்லிடும்.

3. மெக்டேவிட்டும் டிரைசைட்டிலும் ஒரே வரிசையில் ஆடுறாங்களா, தனித்தனியா ஆடுறாங்களா. தனித்தனின்னா மத்தவங்க மேல நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். அடிக்கடி சேர்த்து வெச்சா அணியில் ஆழம் இல்லன்னு அர்த்தம்.

4. 2026 மார்ச் 6, ட்ரேட் கடைசி நாள். கேப்பில் எவ்வளவு இடம் மிச்சம் வெச்சிருக்காங்களோ அவ்வளவு நல்ல ஆளை வாங்கலாம்.

வீட்டுப் பாடமா ஒண்ணு. உங்களுக்குப் பிடிச்ச எந்த அணியா இருந்தாலும் சரி, எந்த ஆட்டமா இருந்தாலும் சரி, இதே மூணு கேள்வியைக் கேளுங்க. காசை எங்கே மிச்சம் பிடிச்சாங்க? போன வருஷ நம்பரில் எவ்வளவு அதிர்ஷ்டம்? கணிப்பு ஒரு நம்பரா, ஒரு ரேஞ்சா?

என் ரேஞ்ச்: 95 முதல் 108 புள்ளி, பிளேஆஃப் பெரும்பாலும் உண்டு, கோப்பைக்கு ஏழில் ஒண்ணு. ஏழில் ஒண்ணுன்னா சின்ன நம்பர் மாதிரி தெரியும். ஆனா 32 அணி உள்ள லீக்கில் சராசரி அணிக்குக் கிடைக்கிறது முப்பத்திரண்டில் ஒண்ணுதான். அதைப் போல நாலு மடங்குக்கு மேல. 32 வருஷமா காத்திருக்கிற நாட்டுக்கு அது ஒண்ணும் சின்ன நம்பர் இல்ல.